இஸ்திரி மேசையில் சமையல்

இஸ்திரி மேசையின் ஒரு கோடியில் மின்சார அடுப்பு, மறு கோடியில் உப்பும் எண்ணெயும். இடையில் மிச்சமிருக்கிற இடத்தில் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார். மேசைக்குக் கால் ஆட்டம். கத்தி இறங்கும்போதெல்லாம் அடுப்பின் மேலிருக்கும் பாத்திரம் லேசாகத் தாளம் போடுகிறது. சமையலறையை இடித்துப் போட்டிருப்பதால் படுக்கையறையில்தான் எல்லாம். சட்டி பானைகள் கட்டிலில் கவிழ்ந்து கிடக்க, அக்காவும் தங்கையும் கூடத்துத் தரையில் படுத்துக்கொள்கிறார்கள். அரிசி களைவது குளியலறையில், சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில்.

தண்ணீர் கொதித்து மூடி குதிக்கிறது. "சொல்லுங்க," என்கிறார் அக்கா, அதனிடம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையிலேயே அவருடைய காலமெல்லாம் போனது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் ஆபரேட்டரம்மாதான். கதவு தட்டினாலும் 'சொல்லுங்க', பூனை கத்தினாலும் 'சொல்லுங்க'. குரல் ஒன்று போதும் அவருக்கு. "சளி இன்னும் போகலையா உனக்கு?" என்று மாடிப்படியில் வருகிறவரை இங்கிருந்தே விசாரிப்பார். ஆனால் எதிரே வந்து கையசைத்தால் பேசாமல் போய்விடுவார். தலைக்கனம் என்று சிலர் சொன்னார்கள். தங்கையும் அப்படித்தான் கிண்டல் செய்தாள்.

தங்கைக்கே ஐம்பது தாண்டிவிட்டது. பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறாள். அக்காவுக்கு அவள் இன்னமும் 'பாப்பா'. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்போது வேலைக்குப் போவது பாப்பா, அடுப்பு அக்காவுடையது. பேச்சில்லாமலே ஏற்பட்ட ஒப்பந்தம்.

இடிக்கிற யோசனை தங்கையுடையது. பழைய சமையலறை கரி ஏறி, தரை பெயர்ந்து, பட்டப்பகலிலும் மசமசவென்று இருந்தது. வாழ்நாளெல்லாம் அந்தக் குகைக்குள் நின்று தனக்குப் பொங்கிப் போட்டவளுக்கு வெளிச்சமாக ஒன்று கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

"இருக்கறது நல்லாத்தானே இருக்கு, பாப்பா," என்றார் அக்கா.

"நீ சும்மா இரு, அக்கா. முடிஞ்சதும் பாரு, வெளியவே வர மாட்ட."

"இடிக்கணுமா? வெள்ளையடிச்சா போதாதா?"

அந்தக் குரலைத் தங்கை கவனிக்கவில்லை. குரலைக் கவனிப்பது அவள் தொழில் இல்லையே.

கொத்தனார் சுத்தியலை எடுத்த வாரமே வீட்டில் குளறுபடி தொடங்கியது. சூப்பில் சர்க்கரை விழுந்தது. தேநீர் கரித்தது. களைந்த அரிசியில் பாதி குளியலறை ஜலதாரையோடு போனது. கைக்கெட்டிய பாத்திரம் கட்டிலிலிருந்து உருண்டது. தங்கை முதலில் சிரித்தாள், பிறகு அலுத்துக்கொண்டாள். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒருநாள் வாயில் வந்துவிட்டது: "கண்ணை எங்கக்கா வச்சிருக்க?"

அக்கா குனிந்து உட்கார்ந்தார். கீழே சிந்தியதைக் கையால் தடவித் தடவிக் கூட்டி அள்ளினார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், உருளைக்கிழங்கு வேகவைத்த பானையைத் தங்கை இறக்கி வைத்தாள். முட்டை வேகவைக்க வேறு பாத்திரத்தோடு வந்தார் அக்கா. இந்த அடுப்பில் தீ தெரியாது, சத்தமும் கிடையாது. அடுப்பு எங்கே என்று தேடிய அக்காவின் கை, அதன் சூடு ஆறாத தட்டின் மேல் முழுசாகப் பதிந்தது.

தங்கை அந்தக் கையை இழுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அக்காவின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என் முகம் தெரியுதா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓரமெல்லாம் தெரியுது. நடுவுலதான் அழுக்குத் துணி தொங்கற மாதிரி."

"எப்பலேருந்து?"

"வேலையில இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா. பழைய அடுப்படியில ஒண்ணும் கஷ்டமில்ல. எது எங்கன்னு கைக்குத் தெரியும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்னை உக்கார வச்சிடுவ. அப்புறம் நான் இந்த வீட்டுல எதுக்கு?"

கண் மருத்துவர் நல்ல மாதிரி. போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், முன்னாலேயே வந்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைத் தங்கை வீட்டுக்குத் தூக்கி வந்தாள். எத்தனை தடவை ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். சோறு வெந்திருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, அதைப் போட்ட முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் கொத்தனாரிடம் போய், பழையதை அப்படியே திருப்பிக் கட்ட முடியுமா என்று கேட்டாள். அவர் சிமெண்டுக் கையோடு விழித்தார்.

"இடிச்சதெல்லாம் லாரியில போயிடுச்சுங்களே. அளவு எடுத்து வச்சிருந்தாக்கூட ஏதாவது பண்ணலாம். நீங்கதான் புதுசா வேணும்னு சொன்னீங்க."

தப்பு அவர் மேல் இல்லை. தங்கையால் முடிந்தது, புதுச் சமையலறைக்குச் சொல்லி வைத்திருந்த வழவழப்பான கண்ணாடி அடுப்பை வேண்டாமென்று சொல்லி, திருகினால் 'டக்'கென்று கேட்கிற அடுப்பாக மாற்றியதுதான்.

வேலை முடிந்தது. வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல், மேடை நெடுக வெளிச்சம். பார்க்க வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். "ரொம்ப அழகா இருக்கு, பாப்பா," என்றார் அக்காவும். குரலில் குறையே இல்லை.

முதல் சமையலைத் தங்கை செய்தாள். அக்கா வாசலோரம் நாற்காலி போட்டுப் பூண்டு உரித்தார். சமையலைக் குறை சொல்லவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. தங்கைக்கு அதுதான் தாங்கவில்லை. பருப்புக் கொதித்தபோது, "உப்பு எவ்வளவு போடணும்க்கா?" என்று தெரிந்தே கேட்டாள்.

"இரு, நான் போடறேன்," என்று அக்கா எழுந்தார். தடுமாறாமல் நேரே நடந்தார். கை தானாகத் தோளுயரத்துக்கு எழும்பி, சுவரில் முன்பு உப்பு வைக்கும் மாடம் இருந்த இடத்துக்குப் போனது. அங்கே இப்போது வெறும் ஓடு பதித்த சுவர். விரல்கள் மேலே தேடின, பக்கவாட்டில் தேடின. தங்கை உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அக்கா தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்த இடத்தைத் துடைக்க ஆரம்பித்தார், துடைக்கத்தான் எழுந்து வந்தவர் போல.