பெருமூச்சு விடும் டிராக்டர்

மலைமேல் இருக்கும் கொட்டச்சேட்டில் வெங்கடாசலத்துக்குத் தெரியாத இயந்திரம் கிடையாது. இதை முதலில் சொன்னவர் வெங்கடாசலம். பிறகும் அவரேதான் சொல்லி வந்தார்.

முப்பது வருடத்துக்கு முன்னால் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லாரியில் பதினோரு மாதம் கிளீனராக இருந்தது அவருடைய கல்வித் தகுதி. வளைவுகளில் குதித்து இறங்கி டயருக்குக் கல் போடுவதும், டிரைவர் தூங்கினால் லாரிக்குக் காவல் இருப்பதும் அவருடைய பணி. கல் போடக் குனிகிறவனுக்குத்தான் வண்டியின் அடிவயிறு தெரியும் என்பது அவர் வாதம். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு என்ன தெரியும், ரோடு தெரியும்.

அதனால் ஊரில் யார் பைக் நின்றாலும் அவரும் போய்ப் பக்கத்தில் நிற்பார். தலையைச் சாய்த்து, ஓடாத இன்ஜின் என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடம் கேட்பார். "பிளக்கு" என்பார்.

"பெட்ரோல் தீந்துருச்சுங்க" என்று வண்டிக்காரர் சொன்னால், "அதுக்கும் காரணம் பிளக்குதான்" என்று முடித்துவிட்டு நடப்பார்.

இப்பேர்ப்பட்டவர் ஐம்பத்து நாலு வயதில் மாடு பூட்டி உழுவது இயந்திர உலகத்துக்கே இழுக்கு என்று அவருக்குத் தோன்றிவிட்டது. போன தை மாதம் தன் ஜோடி எருதுகளைக் காளியண்ணனுக்கு விற்றார். காளியண்ணன் மேல்காட்டுக்காரர், வெங்கடாசலத்தின் மனைவி அத்தாயிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். விற்றவர் சும்மா இருந்திருக்கலாம். டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டார்.

"ஏன் மச்சான், இந்தக் காலத்துலயும் மாட்டு வாலைப் பாத்துக்கிட்டே நடக்கறீங்களே, சலிக்கலீங்களா?"

காளியண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "வாலு தெரியற வரைக்கும் மாடு முன்னால போகுதுன்னு அர்த்தம் மாப்ள" என்றார்.

டிராக்டர் குப்பனூர் அடிவாரத்திலிருந்து வந்தது. பழைய வண்டி. புரோக்கர் ஆறுமுகம், "ஒரே ஆளு ஓட்டுனதுங்க" என்றார். அந்த ஒரே ஆள் எத்தனை வருடம் ஓட்டினார் என்று வெங்கடாசலம் கேட்கவில்லை. தெரியாததுபோல் ஆகிவிடும் அல்லவா. மலையேற்றுவதற்கு முன் ஆறுமுகமே பூசை போட்டார். டயருக்கு எலுமிச்சம்பழம், முன்னால் தேங்காய். பானெட்டின் உச்சியில் நெற்றி மாதிரி இருந்த டீசல் டேங்க் மூடியில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். "மொகத்துல களை வந்துருச்சு பாருங்க" என்றார்.

களை வந்த டிராக்டர் பாதி மலையில் நின்றது.

டீசல் அளவு காட்டும் முள் வேலை செய்யாத வண்டி. எனவே வெங்கடாசலம் மூடியைத் திறந்து, வழியோரக் காப்பிச் செடியில் ஒரு குச்சியை ஒடித்து உள்ளே விட்டுப் பார்த்தார். திறக்கும்போது மூடி 'உஸ்'ஸென்றது. டீசல் நிறைய இருந்தது. மூடினார். செல்ஃப் அடித்தார். ஓடியது.

போனில் ஆறுமுகம் ஆறுதல் சொன்னார்: "சமவெளி வண்டிங்க. மலைக்காத்து பழகோணுமில்ல? ஒரு வாரத்துல செரியாயிருமுங்க."

வாரங்கள் நாலைந்து ஆயின. காற்று பழகிய பாடில்லை. முக்கால் மணி நேரம் ஓடும், இருமும், நிற்கும். வெங்கடாசலம் ஆராய்ச்சியில் இறங்கினார். முதல் வாரம் டீசல் பில்டரை மாற்றினார். குச்சி விட்டுப் பார்த்தார், மூடினார், ஓடியது. "கண்டுபுடிச்சுட்டன், பில்டரு" என்று டீக்கடையில் அறிவித்தார். மறுநாள் நின்றது. பைப்பில் காற்றுப் பிடித்திருக்கிறது என்று நட்டுகளைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார். குச்சி, மூடி, ஓடியது. "கண்டுபுடிச்சுட்டன், ஏரு." மறுநாள் நின்றது. செல்போனில் ஓர் இந்திக்காரர் டிராக்டர் ரிப்பேர் செய்யும் வீடியோவை மூன்று முறை பார்த்தார். அவர் வலது கையால் ஒரு நட்டைத் திருப்புகிறார் என்பது மட்டும் புரிந்தது. வெங்கடாசலமும் ஒரு நட்டைத் திருப்பினார். அது வேறு நட்டு. ஆனாலும் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு மூடியதும் ஓடியது.

எந்த வைத்தியம் செய்தாலும் குணமாகிற நோயாளியைப் போல ஆபத்தானது வேறில்லை. அது வைத்தியரைக் கெடுத்துவிடும்.

டீசல் அடியில் கிடப்பதால்தான் இழுக்க முடியவில்லை என்று ஒருநாள் டேங்கை விளிம்பு வரை நிரப்பினார். அன்று கால் மணியிலேயே நின்றது. இதற்கும் காரணம் கண்டுபிடித்தார்: "வெயிட்டு தாங்கல."

அத்தாயி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற கைக்கு ஒரு டிராக்டரின் சங்கடம் பெரிதில்லை. ஒருநாள் மூடி திறக்கிற சத்தத்தை அவளும் கேட்டாள்.

"ஏனுங்க, வண்டி பெருமூச்சு விடுதுங்களே. எவனோ நொம்பக் கண்ணு வெச்சுட்டானாட்ட இருக்குது."

அவள் யோசனை அதோடு நின்றது. அதைத் தொழில்முறையில் செயல்படுத்தியவர் வெங்கடாசலம். செவ்வாயும் வெள்ளியும் பூசை. மூடியைத் திறந்து திறந்து பொட்டு கலைந்துவிடுகிறது என்பதால், இடுக்கு விடாமல், விரலால் அழுத்தி, சுவருக்குச் சாந்து பூசுவதுபோலச் சந்தனம் பூசினார். காய்ந்ததன் மேல் ஈரம், ஈரத்தின் மேல் குங்குமம். பொட்டு தடிக்கத் தடிக்க டிராக்டர் அடிக்கடி நின்றது. டிராக்டர் நிற்க நிற்கப் பொட்டு தடித்தது.

ஆனி பிறந்தது. ஒரு மழை பெய்து மண் பதமாக இருந்தது. ஒன்றரை ஏக்கர் சரிவுக் காட்டில் சாமை விதைக்க வேண்டும். அடுத்த மழை பிடித்துக்கொண்டால் அந்தச் சரிவில் டிராக்டர் ஏறாது, உழவு போச்சு, வருசம் போச்சு.

"நாளைக்குப் பிடிச்சுக்குமாமுங்க" என்றாள் அத்தாயி, விதைக்கூடையை எடுத்து வைத்துவிட்டு. "இன்னைக்கு வெதை விழுகாட்டி இந்த வருசம் முச்சூடும் நம்ம ஊட்டுல சாமைச் சோறு கெடையாது."

"மத்தியானத்துக்குள்ள முடிச்சுருவன்."

மத்தியானத்துக்குள் மூன்று முறை நின்றது. அரை ஏக்கர்தான் முடிந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் சோறு போட்டு முடித்துவிட்டு அத்தாயி நேரே காட்டுக்கு வந்தபோது, வெங்கடாசலம் பில்டரை ஐந்தாம் முறையாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை குத்துனாப் போதுமுங்களா?"

"இப்ப எண்ணெய் டின்னு எங்கிருந்து வந்துச்சு?"

"இன்னைக்குப் புது டின்னு ஒடைச்சனுங்க. ஒரு ஓட்டைன்னா கொஞ்சம் ஊத்திட்டு நின்னுக்குது. எதுத்தாப்பல இன்னொண்ணு குத்துனாத்தான் உள்ள காத்துப் போயி எண்ணெய் வருது. இந்த மூடியிலயும் அப்பிடி ஓட்டை இருக்குமுங்க. நம்ம சந்தனம் அடைச்சிருக்கும். தெறக்கறப்ப உஸ்ஸுங்குதே, அது காத்து இழுக்கறதுங்க. பெருமூச்சு இல்லீங்க."

வெங்கடாசலம் கையில் இருந்த பில்டரைப் பார்த்தார்.

"இது இன்ஜின், அத்தாயி" என்றார் கடைசியில். "பலகாரம் சுடறதில்லை."

"அப்பச் செரிங்க. எங்கண்ணங்கிட்டப் போயி மாட்டைக் கேளுங்க. பொழுதிருக்குது."

ஒரு மனிதனின் வாழ்வில் இப்படி ஒரு வேளை வருகிறது. ஒரு பக்கம், எண்ணெய் டின் சாஸ்திரப்படி மனைவி சொன்னதைக் கேட்டு ஊரெல்லாம் சிரிக்க வாழ்வது. இன்னொரு பக்கம், தானே விற்ற மாட்டைத் தானே கேலி செய்தவரிடம் போய்க் கேட்பது. வெங்கடாசலம் ஒரு பீடி நேரம் எடைபோட்டார். மாடு கேட்பது உறவுக்குள் நடக்கிற விஷயம் என்று தீர்மானித்து, பில்டரைத் திரும்ப மாட்டிக் காற்றை வெளியேற்றிவிட்டு மேல்காட்டுக்கு நடந்தார்.

காளியண்ணன் தொழுவத்தில் இருந்தார். "வாங்க மாப்ள. என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதானுங்க மச்சான். மானத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தன். கறுப்பா இருக்குது."

"காடு ஒரு ஏக்கரா பாக்கி."

"அதையும் பாத்தன். வண்டி பெருமூச்சு விடறது இங்க வரைக்கும் கேட்டுது."

வெங்கடாசலம் எருதின் முதுகைத் தடவினார். எருது அவரை அடையாளம் கண்டுகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பொழுது சாயற வரைக்கும் இதுகளை..."

"எதுகளை?"

"மாட்டை மச்சான்."

"மாட்டை என்ன பண்ணோணும்? வாயால சொல்லுங்க மாப்ள, எனக்குக் காது மந்தம்."

"ஏர் பூட்டோணும்" என்றார் வெங்கடாசலம். காளியண்ணனுக்குக் காது மந்தம் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

இதற்கிடையில் அத்தாயி தாலிக்கொடியில் இருந்த ஒரு ஊக்கைக் கழற்றி, டேங்க் மூடியின் மேல் கல்லாகக் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டினாள். அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. அடியில், மூடியின் நடுவில், ஒரு ஓட்டை இருந்தது; எறும்பு நுழைகிற அளவு. ஊக்கால் குத்தினாள், வாயால் ஊதினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூடியைப் போட்டுவிட்டு விதைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கலப்பை பூட்டிய எருதுகளுடன் காளியண்ணன் வந்து சேர்ந்தார். சால் நடுவில் டிராக்டர் வழிமறித்து நின்றிருந்தது.

"ஓரங்கட்டறன், இருங்க" என்று வெங்கடாசலம் ஏறி செல்ஃப் அடித்தார். பிடித்துக்கொண்டது. ஓரங்கட்டுகிற வழியில் கலப்பையை இறக்கினார். இறக்காமல் போனால் மாட்டின் முன்னால் மரியாதையாக இருக்காது. ஒரு சால் போனார், திரும்பி வந்தார். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. இருமவில்லை. காளியண்ணன் நுகத்தோடு எருதுகளை வரப்பில் பிடித்துக்கொண்டு நின்றார். எருதுகள் அசைபோட்டுக்கொண்டு டிராக்டர் போகிற பக்கமெல்லாம் பார்த்தன. அத்தாயி பின்னாலேயே விதையை வீசிக்கொண்டு போனாள். கடைசிச் சாலில் விதை விழுந்தபோது முதல் தூற்றலும் விழுந்தது.

"என்ன மாப்ள, நிக்கவே இல்லை?" என்றார் காளியண்ணன்.

வெங்கடாசலம் இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்து, டிராக்டரைப் பார்த்தார். பிறகு எருதுகளைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"கண்டுபுடிச்சுட்டன் மச்சான். வண்டிக்கு ரோசம். மாட்டைக் கண்ணுல பாத்ததும் நிக்கமாட்டேங்குது."

"ஏனுங்க, நான் ஊக்குல குத்திவுட்டனுங்க. ஓட்டை அடைச்சிருந்துச்சு" என்றாள் அத்தாயி.

காளியண்ணன் ஊக்கைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், விஷயம் முழுவதும் அவருக்குப் புரிந்தது. பிறகு நுகத்தடியில் நோகாமல் நின்றிருந்த தன் எருதுகளைப் பார்த்தார். அதுவும் புரிந்தது.

"மாப்ள சொல்றதுலயும் ஞாயம் இருக்குது புள்ள" என்றார்.

அன்றிலிருந்து வெங்கடாசலம் எங்கே உழுதாலும் காளியண்ணனின் எருதுகள் வந்து வரப்பில் நிற்கின்றன. உழுவதில்லை, நிற்கின்றன. காளியண்ணனுக்கு அந்த நேரத்துக்கு டீயும் போண்டாவும் உண்டு, எருதுகளுக்குத் தவிடு. போண்டா சுடுகிறவள் அத்தாயி. அவள் இப்போது பொட்டை ஹெட்லைட்டில் வைக்கிறாள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பில்டர் ஒன்றும் மாற்றாமலே வண்டி ஓடுகிறது என்ற செய்தி பரவி, நாகலூரிலிருந்து ஒருவர் தன் பவர் டில்லருக்கு எருது கிடைக்குமா என்று விசாரித்துப் போனார். வெங்கடாசலம் அவரிடம், சும்மா மாடு போதாது, வண்டிக்குப் பழக்கமான மாடாக இருக்க வேண்டும் என்று எச்சரித்து அனுப்பினார்.

சரிவுக் காட்டில் சாமை முழங்கால் உயரம் வந்துவிட்டது. கீழ்க்காட்டில் கொள்ளு விதைக்க இந்த வாரம் உழ வேண்டும். டிராக்டருக்கு ஒரு குறையும் இல்லை, டேங்க் நிறைய டீசலோடு நிற்கிறது. இடப்பக்கத்து எருதுக்கு முன்னங்காலில் முள் ஏறியிருப்பதால் வேலை நிற்கிறது. கால் ஆறட்டும் என்று வெங்கடாசலம் காத்திருக்கிறார்.