சக்கரம் நின்றால் வண்டி சுற்றும்

டீசல் புகை முன்பெல்லாம் எனக்குப் பயணத்தின் வாசம். இப்போது அது பயத்தின் வாசம்.

போன வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் ஸ்டார்ட் செய்து ஓர் அழுத்து அழுத்தினார். கரும்புகை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. என் இரண்டு கைகளும் முன்சீட்டுக் கம்பியைப் பாய்ந்து பிடித்துக்கொண்டன. பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மா, "வண்டி இன்னும் கெளம்பவே இல்லீங்களே" என்றார்.

அவருக்கு என்ன தெரியும்? ஒரு மாதமாகவே நான் கிளம்பாத வண்டிகளிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறேன்...

அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமாவுக்கு மண்டகப்பட்டில் நிலம். இந்த வருடம் ஐம்பது ஹெச்.பி. டிராக்டர் வாங்கினார். கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் பட்டம் போடுகிற மாதிரி, யாரிடம் பேசினாலும் அந்த ஐம்பதைச் சேர்த்துத்தான் பேசுவார்.

போன மாதம் நான் போயிருந்த அன்று காலை, நடவுக்காக வயலைச் சேறாக உழுது சேடை ஓட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கட்டிய வயல், முழங்கால் சேறு. மடையோரப் பள்ளத்தில் பின்சக்கரங்கள் இறங்கின. முறுக்க முறுக்க, இன்னும் இறங்கின.

வரப்பில் போன பக்கத்து நிலத்துக்காரர் குப்புசாமி நின்றார். "இன்னா ஏழுமல, வண்டிக்கு நீச்சல் கத்துக் குடுக்கறியா? என் பழைய வண்டிய எடுத்தாரட்டா? முப்பத்தஞ்சிதான்... பின்பக்கமா இஸ்துடும்."

"உன் வேலய பாத்துக்கினு போய்யா." மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. ஐம்பதை முப்பத்தைந்து இழுப்பதா?

குப்புசாமி போனதும், "மச்சான், அந்தக் கட்டைய எடு" என்றார்.

கனமான வேப்பங்கட்டை. அதைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னால் குறுக்கே வைத்து, டயரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டால், சக்கரம் சுற்றும்போது கட்டை சேற்றில் ஊன்றி வண்டி மேலே ஏறிவிடும் — இது மாமாவின் யோசனை. பல பேர் செய்வதுதான். இடப்பக்கம் அவர் கட்டினார். வலப்பக்கம் நான் கட்டினேன்.

ஆம், நானும்தான் கட்டினேன். அதை ஒளித்துவிட்டு இந்தப் பத்தியை எழுத முடியாது.

மாமா ஏறி உட்கார்ந்து, லோ கியரில் போட்டு, கிளட்சை விட்டார். சக்கரம் கொஞ்சம் திரும்பியது. கட்டை சேற்றுக்கடியில் எதிலோ முட்டி நின்றது. சக்கரமும் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை.

டிராக்டரின் மூக்கு எழுந்தது.

மெதுவாக அல்ல. முன்சக்கரங்கள் சேறு சொட்டச் சொட்ட என் தலைக்கு மேலே போயின. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மாமா வானத்தைப் பார்த்து மல்லாந்திருந்தார். அவருக்குக் கீழே சேறு. மேலே, கவிழக் காத்திருக்கும் இரும்பு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு எந்த வழி கிட்டம் என்று என் மனசு அதற்குள் தேடியது. அக்காவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றும்.

அப்போது என் முடிச்சு அவிழ்ந்தது.

கட்டை நழுவி, வலச்சக்கரம் விடுபட்டு வெறுமனே சுழன்றது. மூக்கு தொப்பென்று சேற்றில் விழுந்தது. எஞ்சின் அணைந்தது. ஒரு கொக்குகூட அசையவில்லை.

இந்த வயதிலும் எனக்கு ஒழுங்காக முடிச்சுப் போட வராது. வீட்டில் பார்சல் கட்டினால் மகள் பிரித்து மறுபடி கட்டுவாள். நினைத்துப் பாருங்கள்... நான் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரனாக இருந்திருந்தால்?

கடைசியில் குப்புசாமியின் வண்டிதான் வந்து பின்பக்கமாக இழுத்துப் போட்டது. அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மத்தியானம் வண்டியைப் பார்க்க மெக்கானிக் சகாயம் வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கினார்.

"ஹெச்.பி.ன்றது வேலைய எவ்ளோ ஜல்தியா முடிக்கும்ன்ற கணக்குண்ணே. இஸ்க்கறது டார்க்கு. அதான் திருகுற பலம். டீசல் எஞ்சின்ல, மெதுவா ஓடறப்பவே அது ஜாஸ்தியா கெடைக்கும். லோ கியர்ல பின்வீலுக்குப் போறதுக்குள்ள பல மடங்காயிடும். வீலத்தான் கட்டிப்புட்டீங்களே, அப்ப அந்தத் திருகு எங்க போவும்?"

மூடியை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகினார். மூடி நின்றது. பாட்டில் சுற்றியது.

"வீல் சுத்தலன்னா வண்டி சுத்தும். வண்டி மேல தப்பில்ல. அது கரெக்டாத்தான் வேல செஞ்சிருக்கு."

மாமா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாம் எல்லோரும் பெரிய எண்ணாகப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அந்தப் பலம் போக வழியில்லாவிட்டால் யார் பக்கம் திரும்பும் என்று எந்த ஷோரூமில் கேட்கிறோம்? இத்தனை நாள் எனக்குப் பலவீனத்தைப் பார்த்தால் பயம். இப்போது பலத்தைப் பார்த்தால்.

சாயங்காலம் மாமா என்னை பஸ் ஏற்றிவிட பைக்கில் கூட்டிவந்தார். இன்னும் இரண்டு வயல் பாக்கி. நாளைக்கும் அதே சேறு, அதே ஐம்பது ஹெச்.பி. பஸ் வந்து நின்றுவிட்டது. கேட்காமல் ஏற முடியவில்லை.

"மாமா, நாளைக்கும் மாட்டினா?"

"ஆஃப் பண்ணிட்டு எறங்கிடறேன்."

"ஊரு சிரிக்குமே?"

"சிரிக்கட்டும் மச்சான். அத காதால கேக்க நான் உசுரோட இருப்பேன் இல்ல."