சூசைராஜ் மாஸ்டரின் ஆறாவது நோட்டு

சூசைராஜ் மாஸ்டர் போய்விட்டார். பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் பழைய டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது... வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் எங்கள் பிளாக் வாலிபால் டீமுக்குக் கோச் அவர். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், கடலூர் பக்கத்து ஆள். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, ஆனாலும் மாஸ்டர் என்று கூப்பிட்டே பழகிவிட்டது.

டீமில் ஆறு பேரும் ஷிஃப்ட் ஆட்கள். நான் அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஹவுஸ். நைட் ஷிஃப்ட் முடித்து, பகலில் தூங்கி எழுந்து, சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனால் கால் எழும்பாது. கிழடு தட்டிப்போச்சு என்று நாங்களே கேலி செய்துகொள்வோம்... இருபத்தெட்டு வயதில்.

மாஸ்டர் மட்டும் சிரிக்கமாட்டார். "நைட் பார்த்த உடம்ப ஆட விடறது தப்புப்பா. வாயால சொன்னா எவன் கேப்பான்? நம்பர் வேணும்" என்பார். மேற்படிப்புக்குப் பதிந்திருந்தார். இதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. தூங்கி விழித்ததும், பாயை விட்டு எழுவதற்கு முன்னால், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் நாடித்துடிப்பை எண்ணி எழுத வேண்டும். மூன்று மாதம். வழக்கத்தைவிட ஏறியிருந்தால் உடம்பு இன்னும் ஆறவில்லை, அன்றைக்கு ஓய்வு. அவ்வளவுதான் விஷயம்.

இன்று என் பேரன் கையில் கட்டியிருக்கும் வாட்ச் இதைத்தான் சொல்கிறது. ஸ்போர்ட்ஸ் மெடிசின்காரர்கள் இன்னமும் இதைத் தோண்டித் துருவிக்கொண்டிருக்கிறார்களாம்.

மற்ற ஐந்து பேரும் ஒழுங்காக எழுதினார்கள். நான்?

பாய்லர் ஹவுஸில் மணிக்கு ஒரு தரம் மீட்டர்களைப் பார்த்து லாக் ஷீட்டில் ரீடிங் எழுத வேண்டும். எனக்கு ஒரு கெட்ட பழக்கம்... எழுந்து போய்ப் பார்க்காமல், முந்தைய ரீடிங்கில் ஒன்று கூட்டி ஒன்று குறைத்து உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுவேன். இன்சார்ஜ் ஒரு தடவை பிடித்து எல்லார் எதிரிலும் மானத்தை வாங்கினார். அப்போதும் திருந்தவில்லை.

என் நாடிக்கும் அதையே செய்தேன். எழுபது, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, மறுபடி எழுபது... ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே ஒரு வாரத்துக்கும் மொத்தமாக.

நோட்டுகளை வாங்கிப் பார்த்தார் மாஸ்டர். நைட் வாரத்தில் மற்றவர்களுக்கெல்லாம் துடிப்பு ஏறியிருந்தது. எனக்கு அசையவே இல்லை.

"யோவ் கணேசா, என்னாய்யா உடம்பு இது! நான் படிச்ச காலத்துலேர்ந்து இப்படி ஒருத்தனப் பார்த்ததில்லய்யா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

என்னைத் தன் ஆராய்ச்சி கைடிடம் காட்ட சென்னைக்கே கூட்டிக்கொண்டு போனார். அதற்காக ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தார், பாவம்.

கைடு என் நோட்டை இரண்டு தடவை புரட்டினார். பிறகு என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் இந்தக் கையில எண்ணுறேன். நீங்க அந்தக் கையில எண்ணுங்க" என்றார்.

கைடு பிடித்திருந்த கையின் விரல்களை வலது மணிக்கட்டில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. தள்ளி வைத்தேன். கையைத் திருப்பி வைத்தேன்... மாஸ்டர் முதல் நாள் சொல்லிக்கொடுத்தபோது பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட என் நாடியை நான் தொட்டுப் பார்த்ததில்லை. அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

மாஸ்டர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஒரு நோட்டு இப்படின்னா மத்த அஞ்சையும் எப்படிங்க நம்பறது? முதல்லேர்ந்து எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் கைடு. குரலை உயர்த்தவே இல்லை.

திரும்பும் பஸ் வழியில் நின்றது. பண்ருட்டியில் டீ குடிக்க இறங்கினோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். என் விரல்களை எடுத்து, கட்டைவிரலுக்கு நேர்கீழே, மணிக்கட்டில் வைத்து அழுத்தினார்.

"இங்கப்பா. தெரியுதா?"

"தெரியுது மாஸ்டர்."

"இவ்ளோதான்" என்றார். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, "நாளைக்கு உனக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்தான? சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்துடு."

மன்னிச்சிடுங்க மாஸ்டர்... வாய் வரைக்கும் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார், ஏறிவிட்டோம்.

அவர் மறுபடி யாருக்கும் நோட்டு கொடுக்கவில்லை. டீமில் கேட்டார்கள். "படிச்சிகினு கிரவுண்டையும் பார்த்துக்க முடியலப்பா" என்று முடித்துக்கொண்டார்.

முதலிலிருந்து எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள், என் பெயரைச் சொல்ல வேண்டிவரும். அதற்காக விட்டாரா, மனசே விட்டுப்போயிற்றா... தெரியாது. அதன் பிறகு இருபத்தைந்து வருஷம் ஒரே டவுன்ஷிப். மெயின் பஜாரில் பார்த்தால் நின்று பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவோம். ஒரு நாளும் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்று குரூப்பில் பழைய டீம் ஆள் ஒருவர் போட்டிருக்கிறார்: "நல்ல மனுஷன். ஆனா ஆரம்ப சூரத்தனம். ஆராய்ச்சின்னு நம்மளப் போட்டுப் படுத்திட்டு பாதியில விட்டுட்டார்." அதற்குக் கீழே நாலு சிரிப்பு ஸ்மைலி.

நண்பர்களே, அவர் பாதியில் விடவில்லை. நான் பொய் எழுதினேன், அதனால் நின்றது. உங்கள் ஐந்து நோட்டும் உண்மை. அவர் சொன்னதும் உண்மை. இதைச் சொல்ல அந்த மனுஷன் சாகும்வரை காத்திருந்தேன்... கேவலமாக இருக்கிறது.

மாஸ்டர், நாலு மணிக்கு அடக்கம் என்றார்கள். வருகிறேன். யாராவது காட்டி உங்கள் மகள் இதைப் படித்துவிட்டு என்னை வாசலோடு திரும்பிப் போகச் சொன்னால், சொல்லட்டும்.