ரெண்டு பேருக்கு ஒரு கார்

ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது முப்பத்தாறாயிரம். இந்தச் சம்பளத்தில் இருக்கிறவன், இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையைத் திறந்து மூடுகிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை எப்படி வாங்கினான் என்று கேட்காத ஆள் இல்லை. ஊரில் சிலர் நான் ஏதோ தப்பான வழியில் சம்பாதிக்கிறேன் என்றே நினைத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை. கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், காவலூரைத் தாண்டி, பஸ் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அப்பாவுக்குச் சாமையும் புளியும்தான் வருமானம். நான் எட்டாவது படிக்கும்போது, வானாராய்ச்சி நிலையத்தைப் பார்க்க வந்த யாரோ ஒருவருடைய கார் மலையேறியது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபடி அதைக் கேட்டேன். கண்ணில் படுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் அதன் சத்தம் மட்டும் வளைவு வளைவாக ஏறி வந்தது. பஸ் முக்கி முனகி ஏறுகிற அதே ரோட்டில் ஒரு இன்ஜின் இவ்வளவு சந்தோஷமாகக் கத்த முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டிப்ளமோவில் மெக்கானிக்கல் எடுத்ததற்கு வீட்டில் வேறு காரணம் சொன்னேன்.

ஓசூரில் என்னோடு அறையில் இருந்தவன் செங்கத்துக்காரன். அவன் அப்பாவுக்கு அங்கே நெல் வியாபாரம். எனக்கு இருந்த கிறுக்கு அவனுக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு டீக்கடைக்குப் போவோம். பெங்களூரிலிருந்து கார்ப் பைத்தியங்கள் அங்கே வந்து கூடுவார்கள். எல்லாரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று முதலில் நினைத்தோம். பேசிப் பழகியபோதுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. ஒருவன் விபத்தில் நொறுங்கிய காரை இன்சூரன்ஸ் ஏலத்தில் எடுத்து மூன்று வருஷம் ஷெட்டில் வைத்து நிமிர்த்தியிருந்தான். இன்னொருவன் ஊரில் தன் பங்கு நிலத்தை விற்றுவிட்டு வீட்டுக்குப் போகாமலே இருந்தான். ஐ.டி. கம்பெனிக்காரன் ஒருவன் மாதம் எழுபதாயிரம் தவணை கட்டிக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு ஆபீஸ் கேன்டீனையே நம்பியிருந்தான். காரை மூடித் துணி போட்டு வைத்துவிட்டு பஸ்ஸில்தான் வேலைக்குப் போவான். பெட்ரோல் கட்டுப்படியாகாது. அவன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். நாங்களும் சிரித்தோம்.

ஒருநாள் அறை நண்பன் சொன்னான். “மச்சான், ஒருத்தனால முடியாது. ரெண்டு பேரு சேந்தா?”

கோயம்புத்தூரில் ஒரு கார் விலைக்கு வந்திருந்தது. பதினொரு வருஷப் பழசு, பதினொரு லட்சம். அவ்வளவு பழைய வண்டிக்கு பேங்கில் கார் லோன் தரமாட்டேன் என்றார்கள். பர்சனல் லோன்தான் வழி. அவன் பழைய பைக் தவணையில் தவறியிருந்ததால் அவனுக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. நான் அதுவரை கடனே வாங்காதவன், அதனால் என் பேரைக் கம்ப்யூட்டருக்குப் பிடித்துவிட்டது. எட்டு லட்சம், ஐந்து வருஷம். மிச்சத்தை ஆளுக்குப் பாதி போட்டோம். ஆர்.சி. புக் என் பேரில், லோன் என் பேரில். மாதாமாதம் அவன் பாதித் தவணையை எனக்கு அனுப்ப வேண்டும். ஒரு வாரம் சாவி எனக்கு, மறு வாரம் அவனுக்கு.

முதல் மூன்று மாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நைட் ஷிஃப்ட் முடிந்து விடிகிற நேரத்தில் கூரையைத் திறந்துகொண்டு சூளகிரி வரை போய்வருவேன். மூன்றாவது கியரில் ஐயாயிரம் ஆர்.பி.எம். தாண்டும்போது முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். எட்டாவது வகுப்பில் கேட்ட சத்தம். இப்போது என் காலடியில்.

நாலாவது மாதம் கிளட்ச் போனது. ஆறாவது மாதம் டயர். அந்த அளவு டயர் ஓசூரில் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து வரவழைத்தோம். நான் ஓ.டி. பார்க்க ஆரம்பித்தேன். வாரத்தில் ஆறு நாளும் பன்னிரண்டு மணி நேரம். என் முறை வருகிற வாரத்திலும் காரை எடுக்க உடம்பில் தெம்பில்லை. பிறகு நண்பன் ஒரு வழி கண்டுபிடித்தான். கல்யாண போட்டோக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டோம். முகூர்த்த நாளில் ஏதாவது ஏரிக்கரையில் நான் ஒரு துணியை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். மாப்பிள்ளை பானெட்டில் சாய்வார். சட்டை பட்டன் கீறிவிடுமோ என்று நான் இரண்டடி முன்னால் போய் நிற்பேன். ஒரு பெண்ணின் அப்பா என்னிடம், “டிரைவர் தம்பி, ஓனரு இன்னா பண்றாரு?” என்று கேட்டார். “கம்பெனில கீறாருங்க” என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா போன் செய்தார். ஜமுனாமரத்தூர் ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒப்பந்தத்தில் ஒரு ஆள் எடுக்கிறார்கள், மெஷின் வேலை தெரிந்த மலைப் பிள்ளையாக இருந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறார்கள்.

“எவ்ளோ தருவாங்களாம்பா?”

“இருவதாயிரம்னாங்க. வூட்டுல சாப்டுட்டுப் போய்ட்டு வந்துடலாம். உங்கம்மாவுக்கும் முட்டி வலி, முன்ன மாதிரி நடக்க முடியல.”

எனக்கு அந்த வேலை வேண்டும் என்றிருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. தினமும் ஒரே பாகத்தை எழுநூறு தடவை கடைந்து கடைந்து, எனக்குத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. ஆனால் தவணை பதினெட்டாயிரம். நண்பன் பாதி தந்தாலும் இன்சூரன்ஸ், ரிப்பேர், டயர் எல்லாம் இருக்கின்றன. இருபதாயிரத்தில் எதுவும் நிற்காது. கார் வாங்கியதே அப்பாவுக்கு அப்போது தெரியாது. “இங்க ப்ரமோஷன் வர்ற மாதிரி கீதுப்பா” என்று பொய் சொன்னேன்.

“அப்டியா, நல்லது” என்று வைத்துவிட்டார். அந்த வேலை ஆலங்காயத்துப் பக்கம் வேறொரு ஆளுக்குப் போனது.

பொய் உறுத்தியது. தீபாவளிக்குக் காரிலேயே ஊருக்குப் போய் உண்மையைக் காட்டிவிடலாம் என்று கிளம்பினேன். அது என் வாரம். ஆலங்காயத்திலிருந்து மலை ஏறும்போது வேகத்தடை ஒவ்வொன்றிலும் காரின் அடிவயிறு உரசியது. அந்தக் காருக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல்தான் இடைவெளி. எங்கள் ஊருக்குத் திரும்புகிற ரோட்டில் ஒரு ஓடை, அதன்மேல் ஒரு தரைப்பாலம். அதையும் மெதுவாகத் தாண்டி வீட்டு வாசலில் நிறுத்தினேன்.

ஊரே வந்து பார்த்தது. அம்மா கார்க் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினேன். இறங்கச் சொன்னபோது அவரால் எழ முடியவில்லை. சீட் அவ்வளவு பள்ளம். நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம்.

“இதுல உக்கார்றது சுளுவு. எந்திரிக்கத்தான் ஆளு வேணும் போல” என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு மட்டும் அந்தப் பேச்சு வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. சொல்ல வந்த லோன் கதையை அன்றைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பகல், இரண்டு இரவு விடவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் தரைப்பாலம் இல்லை. ஓடை அதைத் தின்றுவிட்டது. தண்ணீர் வடிந்ததும் ஊர்க்காரர்கள் பாறாங்கல்லைக் கொட்டி வழி பண்ணினார்கள். பைக் தாண்டியது, டிராக்டர் தாண்டியது. என் கார் அந்தக் கல்லுக்கு முன்னால், சாக்கடைக்கு முன்னால் நிற்கும் பூனைக்குட்டி மாதிரி நின்றது. மொத்தம் முப்பது அடி. அந்தப் பக்கம் பஸ் ரோடு, ஓசூர், வேலை, தவணை. வேறு ரோடு எங்கள் ஊருக்குக் கிடையாது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

திருப்பத்தூரில் ஒரு ரெக்கவரி வண்டிக்காரரிடம் கேட்டேன். “ஓடைக்கு இந்தாண்ட கொண்டாந்து குடுங்க, ஏத்திக்கிறேன்” என்றார். அந்தாண்ட கொண்டுபோக முடிந்தால் நான் ஏன் அவரைக் கூப்பிடுகிறேன்?

லீவு முடிந்தது. காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, செருப்பைக் கையில் பிடித்து ஓடையைத் தாண்டி பஸ் ஏறினேன். கார்த்திகை முகூர்த்தத்துக்கு நாலு பேரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தோம். நண்பன் தினமும் கேட்டான். “என் வாரம் போச்சுடா. எனக்கு இன்னா பதிலு?” ஒரே அறையில் படுத்துக்கொண்டு நாங்கள் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. பாலத்துக்கு டெண்டர் விட வேண்டும் என்றார்கள். கார் அங்கே நாற்பது நாள் கிடந்தது. இரண்டு தடவை தவணை போனது.

கடைசியில் அப்பாதான் கூப்பிட்டார். “ஞாயித்துக்கெழம வா. ஆளு சொல்லிக்கீறேன்.”

நண்பனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஓடைக்கரையில் இருபத்தாறு பேர் நின்றார்கள். காருக்கு அடியில் இரண்டு நீளமான மரங்களைக் கொடுத்து, சக்கரத்தோடு சேர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார்கள். தூக்கிக்கொண்டு தாண்டுவது என்று முடிவு. அப்பா முன்பக்கம் இடது மரத்தில் தோள் கொடுத்திருந்தார். நண்பனும் நானும் பின்னால் பிடித்தோம்.

தூக்கியபோது அது இவ்வளவு கனமா என்று இருந்தது. இருபத்தெட்டுப் பேரின் மூச்சு ஒன்றாகக் கேட்டது. ஓடை நடுவில் முழங்கால் தண்ணீர். முன்னால் யாருக்கோ கால் வழுக்கியது. கார் இடது பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம் அப்பா. மரம் அவர் கழுத்தை நோக்கி இறங்கியதை நான் பார்த்தேன்.

“உட்ருங்க! கீழ போட்ருங்க! போனா போவுது!” என்று கத்தினேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை.

யாரும் விடவில்லை. அப்பா திரும்பிப் பார்க்காமலே, “வாய மூடிக்கினு புடி” என்றார். இரண்டு பேர் தண்ணீரில் உட்கார்ந்தே முட்டுக் கொடுத்தார்கள். கார் நிமிர்ந்தது. அக்கரையில் இறக்கி வைத்தபோது ஒரு கீறல் இல்லை. அப்பாவின் தோளில்தான் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அதன்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்தார்.

“இது உன்னுதா, அவனுதா?” என்று நண்பனைக் காட்டிக் கேட்டார்.

“ரெண்டு பேருதும்பா.”

“துட்டு?”

எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு லட்சம், ஐந்து வருஷம், ஐ.டி.ஐ. வேலை வந்தபோது நான் சொன்ன பொய்.

“அப்ப நாங்க தூக்குனது பேங்கு காரா?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு எழுந்து, தூக்கியவர்களுக்குக் கறிச்சோறு ஆகிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார். அந்தச் செலவுக்கு நான் தருகிறேன் என்று சொன்ன பணத்தை வாங்கவில்லை.

மலை இறங்கும்போது நண்பன்தான் ஓட்டினான். ஏலகிரி திருப்பத்தைத் தாண்டினோம். பிறகு அவன், “வித்துடலாம் மச்சான்” என்றான். தை மாதத்தில் அவனுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அவன் அப்பா செங்கத்துக்கே வந்து வியாபாரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டாராம்.

பெங்களூரில் பழைய கார் வாங்கி விற்கிற ஒருவர் வந்தார். பத்து நிமிஷம் பார்த்தார், அடியில் டார்ச் அடித்தார், ஆறரை லட்சம் என்றார். ஏழுக்குக் கேட்டோம். தலையை ஆட்டினார். கொடுத்தோம். அதில் அவன் கல்யாணச் செலவுக்கென்று தன் பங்கைக் கேட்டான். நான் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். மீதியை லோனில் கட்டினேன். ஆனாலும் லோன் முடியவில்லை. மிச்சத்துக்குப் பாதித் தவணையை மாதாமாதம் அனுப்புகிறேன் என்று கை அடித்துச் சொல்லிவிட்டுத்தான் அவன் அறையைக் காலி செய்தான்.

மூன்று மாதம் ஒழுங்காக வந்தது. நாலாவது மாதம் வரவில்லை. போன் செய்தேன்.

“வூட்ல அவளுக்கு உடம்பு சரியில்லடா, ஆஸ்பத்திரில சேத்துக்கீறோம். அடுத்த மாசம் சேத்துப் போட்டுடறேன்.”

“பரவால்லடா, பாத்துக்க” என்றேன். பின்னணியில் ஆஸ்பத்திரிச் சத்தம் நிஜமாகவே கேட்டது.

அதற்கடுத்த மாதமும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் அவன் இன்னொரு காரணம் சொல்வான், அதுவும் உண்மையாகவே இருக்கும். லோன் என் பேரில் இருக்கிறது, அதனால் ஐந்தாம் தேதி காலையில் பணம் என் கணக்கிலிருந்து போகிறது. ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. பார்க்கிறேன். டீக்கடைப் பக்கம் போவதில்லை. இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது.