குளவிகள் இழுத்த கயிறு

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். அதில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவுகள், நடுவில் ஒரு மைதானம். எனக்குப் பத்து வயது நடந்தபோது, திருவிழாவில் சாமி தேர் எந்தக் கணக்கு லயத்து வரிசை வீடுகளுக்கு முதலில் வருவது என்று ஒரு பேச்சு கிளம்பி, அடிதடியில் முடிந்தது. சாமி எந்த லயத்துக்கும் போகாமல் நடுரோட்டில் மழையில் நனைந்துகொண்டு நின்றது. அதற்குப் பிறகு இரண்டு கணக்குக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

எங்கள் வீட்டுக்கு இதில் கூடுதல் தலைவலி. நாங்கள் கீழ்க்கணக்கு. அப்பாவின் அக்கா, என் அத்தை, வாழ்க்கைப்பட்டிருந்தது மேல்கணக்கில். தேரடியில் அப்பாவும் அத்தையின் புருஷன் மாமாவும் ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்துக்கொண்டார்கள். அதுவரை ஒரே சட்டிக் கறியைப் பகிர்ந்து தின்ற அம்மாவும் அத்தையும் அன்றோடு முகம் திருப்பிக்கொண்டார்கள். சில மாதம் கழித்துக் கொழுந்தெடுக்கும் மலையில் அத்தையைக் குளவி கொட்டியது. முகமெல்லாம் வீங்கி, பிழைப்பாளா மாட்டாளா என்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா ஓடினார். அம்மா சேலை மாற்றிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். வீம்பு. அத்தை பிழைத்து வந்தாள், ஆனால் அம்மா இருக்கும் திசையில்கூடப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

என் அக்கா படிப்பை முடித்துவிட்டு இளைஞர் கழகம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒன்றாக விளையாடினால் ஒற்றுமை வந்துவிடும் என்று அவளுக்கு ஒரு திடமான நம்பிக்கை. முதலில் இரண்டு கணக்குப் பையன்களுக்கும் வாலிபால் வைத்தாள். பாதி ஆட்டத்தில் பந்தை மறந்துவிட்டு ஆளை அடித்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை அக்காவைக் கூப்பிட்டு, இன்னொரு சண்டை நடந்தால் மைதானத்தைக் கொத்தித் தேயிலைக் கன்று நட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிறவர். இரண்டு கணக்குப் பிள்ளைகளுக்கும் ஓடியாட இருந்த ஒரே சமதரை அதுதான். மற்றதெல்லாம் சரிவு. கால்பந்தை உதைத்தால் ஆற்றில்தான் போய் எடுக்க வேண்டும்.

அக்கா விடவில்லை. ஆம்பளைகளை நம்பினால் ஆகாது, பொம்பளைகளுக்குக் கயிறு இழுக்கும் போட்டி வைக்கிறேன் என்று கெஞ்சிக் கூத்தாடிக் கடைசியாக ஒரு தடவைக்கு அனுமதி வாங்கினாள். கீழ்க்கணக்கு அணியில் அம்மா பெயர் கொடுத்தாள். மேல்கணக்கில் அத்தை கொடுத்திருக்கிறாள் என்பது அதற்கு முன்பே அம்மாவுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அரைநாள் கொழுந்தெடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நேராக மைதானத்துக்கு வந்தார்கள். ஆண்கள் இரண்டு ஓரமாகப் பிரிந்து நின்றார்கள். பனிக்குக் குளிர்காய விறகு கொண்டுவந்ததாகச் சொன்னார்கள். குளிர்காய்வதற்கு எதற்கு அவ்வளவு நேரான கம்பு என்று யாரும் கேட்கவில்லை. மாமா அந்தப் பக்கம், அப்பா இந்தப் பக்கம். அக்கா விசிலைக் கையில் பிடித்திருந்தாள்.

முதல் இழுப்பில் எங்கள் கணக்கு வென்றது. இரண்டாவதில் அவர்கள். விசில் ஊதுவதற்கு முன்பே இழுத்துவிட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் கத்தினார். "யாருடா முன்னுக்கு இழுத்தது? கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. இரண்டு ஓரத்து ஆண்களும் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள். விறகு என்று சொன்னதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. அக்கா நடுவில் ஓடிப்போய் நின்று, "மூணாவது இழுப்பு இருக்குங்க! கோட்டுக்கு அங்கிட்டு போங்க, கும்பிட்டுக் கேக்கறேன்!" என்றாள். அவர்கள் நின்றார்கள், ஆனால் பின்னால் போகவில்லை. இந்த இழுப்பில் யார் தோற்றாலும் அடி விழும் என்பது எனக்கே விளங்கியது.

விசில் ஊதியது. கயிறு முறுக்கேறி நின்றது. அசையவில்லை. ஒரு பக்கத்துக் கடைசியில் அம்மா கயிற்றை இடுப்பில் சுற்றிக் குதிகாலைச் சேற்றில் ஊன்றியிருந்தாள். மறுகோடியில் அத்தை அதே மாதிரி. இத்தனை நாளும் பார்க்காத இரண்டு பேரும் இப்போது ஒருவரையொருவர் நேராக முறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் ஒவ்வொரு அடியாக நெருங்கினார்கள்.

அணிகளுக்கு அக்கா பெயர் வைத்திருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். பெயர் இருந்தால்தான் விறுவிறுப்பு வரும் என்பது அவள் எண்ணம். மேல்கணக்குக்குச் சிறுத்தை. எங்களுக்குக் குளவி. எங்கள் ஆட்கள் பின்வாங்குகிற மாதிரி தெரிந்தால் பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும் என்று எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கியும் வைத்திருந்தாள். மலையிலிருந்து நேராக வந்த பெண்களிடம் சொல்லத்தான் மறந்துவிட்டாள்.

அம்மாவின் கால் வழுக்கியது. நாங்கள் அத்தனை பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தினோம்.

"குளவி! குளவி! குளவி!"

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டது. தேயிலை மலையில் அந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் ஏன், எங்கே என்று கேட்பதில்லை. தலையை மூடிக்கொண்டு குப்புற விழுவார்கள். அப்படியே விழுந்தார்கள். கம்போடு நின்ற ஆண்களும் கம்பை எறிந்துவிட்டுச் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு விழுந்தார்கள்.

நன்றாகத் தெரியட்டும் என்று மேல்கணக்குப் பக்கத்து முனைக்குக் கிட்ட நின்றிருந்த என்மேல் யாரோ வந்து விழுந்தார்கள். படங்கு என் தலையை மூடியது. கொழுந்துக் கறை வாசம். என் முகத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்த கையை எனக்குத் தெரியும். அத்தை.

"அத்த, அது எங்க டீம் பேரு..."

"வாயப் பொத்து! அசையாத!"

அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது. அவள் ஓடித் தப்பியிருக்கலாம். குளவிக் கொட்டு எப்படி இருக்கும் என்று அங்கே அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. எனக்கு மூச்சு முட்டியது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

மைதானமே சத்தமில்லாமல் கிடந்தது. நட்டநடுவில் அக்கா மட்டும் விசிலும் கையுமாக நின்றுகொண்டு, "ஐயோ, எந்திரிங்க! டீம் பேருங்க அது!" என்று அழாத குறையாகக் கத்தினாள். முதலில் யார் சிரித்தது என்று தெரியாது. மாமாவும் அப்பாவும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்திருந்தார்கள், இரண்டு பேர் தலையிலும் சட்டை. அதைப் பார்த்ததும் இரண்டு கணக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கம்புகளைப் பொறுக்கி யாரோ நிஜமாகவே நெருப்பு மூட்டினார்கள். மைதானம் தப்பியது. அக்கா உட்கார்ந்து அழுதாள்.

அத்தை என்மேலிருந்து எழுந்து படங்கைத் தட்டிக்கொண்டிருந்தபோது அம்மா மைதானத்தின் மறுகோடியிலிருந்து நடந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். என்னை ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"எங்கயும் கொட்டலயே அண்ணி?" என்றாள்.

அத்தை படங்கைத் தட்டுவதை நிறுத்தினாள்.

"இந்தத் தடவ இல்ல, புள்ள" என்றாள். பிறகு, சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் நடுவில், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

குளவி இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, அப்புறமும் அம்மா கொட்டியதா என்று கேட்கிறாள், அத்தையும் அதற்கு ஒரு பதில் சொல்கிறாள். இப்படியும் விவரம் கெட்டவர்கள் உண்டா என்று லயம் லயமாகப் போய் இருவர் குரலிலும் நடித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருநாள் வீட்டிலேயே நடித்தேன். அம்மாவும் அத்தையும் அடுப்படியில் ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. நடித்தது சரியில்லையோ என்று, அம்மாவின் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி மறுபடியும் நடித்துக் காட்டினேன்.