அக்கா வீட்டில் பேய்த் தொடர்

பக்கத்து வீட்டு சகாயமேரி அக்காவுக்குப் பேய்த் தொடர் என்றால் ஆகாது.

சாயங்காலம் முழுக்க அவர் வீட்டில் டி.வி. ஓடும். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே பார்ப்பார். மாமியார் அழுவார், மருமகள் சபதம் போடுவார், நடுவில் யாரோ பாத்திரம் துலக்கிக் காட்டுவார்... இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதால் இயர்போன் மாட்டாத நேரத்தில் அத்தனையும் எனக்கும் கேட்கும். அழுகைத் தொடர் முடிந்ததும் அதே சேனலில் பேய்த் தொடர். ஒரு பெண் சிரிக்கத் தொடங்கினால் போதும் — டப்பென்று டி.வி. அணைந்துவிடும்.

“தனியாக் கெடக்குறவளுக்கு அந்தச் சிரிப்பு எதுக்கும்மா? பெறகு பாத்ரூமுக்குப் போகக்கூட பயமாருக்கு” என்பார்.

போன வியாழக்கிழமை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

அது என் காதில் விழுந்ததே தற்செயல்தான். எங்கள் வீட்டில் கேபிளை நிறுத்தி வெகு காலமாகிறது. தமிழில் டப் செய்த கொரியத் தொடர்தான் எனக்கு இப்போது எல்லாம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் டவுன்லோடு போட்டுவிடுவேன். சாயங்காலம் சமையலை முடித்துவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தால்... விளம்பரம் கிடையாது, நாளை வரை காத்திருக்க வேண்டாம், பிடிக்காத பாட்டை ஓட்டிவிடலாம். ஹாலில் என் கணவர், அவருடைய போன், அவருடைய மலையாளப் படம், அவருடைய இயர்போன். ஒருவருக்கு ஒருவர் தொந்தரவே இல்லை. எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு!

அன்று அந்த எபிசோடு பாதிதான் டவுன்லோடு ஆகியிருந்தது. கதாநாயகன் திரும்பி ஏதோ முக்கியமாகச் சொல்ல வாயைத் திறந்தான் — படம் நின்றுவிட்டது. அன்றைய டேட்டாவும் காலி. எரிச்சலோடு இயர்போனைப் பிடுங்கிப் போட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பேய் சிரித்துக்கொண்டிருந்தது.

முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ‘இந்த அக்காவுக்கு இன்னிக்கு என்ன தைரியம்!’ என்று சிரிப்புத்தான். அடுத்த நொடியே எழுந்து உட்கார்ந்தேன். ரிமோட்டைக் காணவில்லையோ? போனில் பேசிக்கொண்டிருக்கிறாரோ? நானே நாலு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அவர் எண்ணுக்கு அடித்தேன். சுவருக்கு அப்பால் ரிங் போகிறது... நன்றாகக் கேட்கிறது... யாரும் எடுக்கவில்லை.

ஹாலுக்கு ஓடி, கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அக்கா வீட்டுல பேய்த் தொடர் ஓடுதுங்க!”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... “அதுக்கு? ஓடினா ஓடிட்டுப் போகுது. அசந்து தூங்கியிருப்பாங்க.”

“அது கேட்டா அவங்களுக்குத் தூக்கமே வராது. எந்திரிங்க முதல்ல!”

அக்கா வீட்டு முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன், கூப்பிட்டேன். ஜன்னல் திரை மேல் டி.வி. வெளிச்சம் நீலமும் சிவப்புமாக மாறி மாறி அடிக்கிறது. உள்ளே அலறல் வேறு. அது தொடரில் வரும் அலறல்தான் என்று அறிவுக்குத் தெரிகிறது, கைகாலுக்குத் தெரியவில்லை. தூங்குகிற மனுஷியை எழுப்பி ஊரைக் கூட்டிய அவமானம் வந்து சேருமோ என்று ஒரு பயம். தூங்கவில்லை என்றால்... என்று அதைவிடப் பெரிய பயம்.

“நீ இங்கயே நில்லு. நான் பின்பக்கமா போயிப் பாக்குறேன்” என்று கணவர் மதில் ஏறிக் குதித்தார். பின்பக்கத்துக் கம்பிக் கதவில் வெளியிலிருந்து கையை விட்டாலே தாழ்ப்பாள் எட்டும். ‘திருடனுக்கு வசதியா வச்சிருக்கீங்களேக்கா’ என்று எத்தனையோ தடவை அக்காவைச் சொல்லியிருக்கிறேன். நல்லவேளை, ஒரு தடவையும் அவர் கேட்கவில்லை!

முன்கதவு திறந்தது. கணவரின் முகம் சரியில்லை.

தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தரையில் கிடந்தார் அக்கா. நைட்டி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் என்னைத் தெரியவில்லை.

“சுகர் இறங்கிடுச்சு” என்றேன். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் அவர். கல்யாண வீட்டு ஜாக்கெட் முடிக்கிற அவசரத்தில் ஊசியைப் போட்டுவிட்டு, ‘இந்தக் கையைத் தச்சிட்டுச் சாப்பிடலாம்’ என்று உட்கார்ந்தாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உதட்டில் வைத்தேன். விழுங்குவாரா? ஒரு வாய் இறங்கியது. இன்னொரு வாய்... கணவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். என் மடியில் அக்காவின் தலை. தலைக்கு மேலே அந்தச் சனியன் பிடித்த பேய் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தது. ரிமோட் எங்கே என்று தேடக்கூட எனக்குக் கை வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் கண் என் முகத்தில் வந்து நின்றது.

“மாலா... அந்தக் கருமத்த அமத்தும்மா.”

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் ஏற்ற வேண்டியதை ஏற்றினார்கள். “யார் பார்த்தது? கவனிக்காம விட்டிருந்தா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்” என்றார் டாக்டர். விடிந்ததும் பழனியில் வாக்கப்பட்ட மகள் ஜெனிட்டா ஓடி வந்தாள். அழுதாள், அம்மாவைத் திட்டினாள், மறுபடியும் அழுதாள். பிறகு பையிலிருந்து ஒரு டேப்லட்டை எடுத்தாள்.

“ஏனுங்க சித்தி, இனி அம்மா மெஷின்ல உக்காந்துக்கிட்டு டி.வி. பாக்க வேண்டாமுங்க. நாடகம் பூராத்தையும் இதுல டவுன்லோடு போட்டுத் தந்துடறனுங்க. படுத்துக்கிட்டே இயர்போன் மாட்டிப் பாக்கட்டும். கேபிளை வெட்டிடலாமுங்க.”

பாசத்தில் வந்த யோசனை. குறை சொல்ல முடியுமா? ஆனால் எனக்குக் குப்பென்று வியர்த்தது. டவுன்லோடு செய்த தொடர் தானாக அடுத்த தொடருக்குப் போகாது. முடிந்தால் முடிந்ததுதான். அப்படியே ஓடிக்கொண்டிருந்தாலும் அது ஒரே ஒரு காதுக்குள் மட்டும்தான் ஓடும். அன்று அக்காவிடம் அந்த டேப்லட் இருந்திருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் எனக்கு என்ன கேட்டிருக்கும்?

ஜெனிட்டாவிடம் இதைச் சொன்னேன். அவள் டேப்லட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைப் பையில் வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி கொண்டுபோனேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிடச் சத்தமாக. எனக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

கஞ்சியைக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என் சத்தத்த வச்சு நீ வந்துட்ட மாலா. உங்க வீட்டுல அம்புட்டுப் பேரும் காதை அடைச்சுக்கிட்டுக் கெடக்கீங்க. ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. உனக்கு ஒண்ணுன்னா நான் எதைக் கேட்டு வாரது?”

வீட்டுக்கு வந்து ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் நின்று பார்த்தேன். பத்தடி இருக்குமா? அந்தப் பத்தடியைத் தாண்டி என் குரல் போகுமா என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை. அன்றிலிருந்து ஒரு காதில் மட்டும்தான் மாட்டுகிறேன். கொரியத் தொடர் பாதிதான் புரிகிறது. பரவாயில்லை.

உங்கள் பக்கத்து வீட்டில் இப்போது என்ன சத்தம் கேட்கிறது? காதில் இருப்பதை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.