என்ரை பேரை நானே எடுத்தது

எங்கடை ஐயா ஒரு மோட்டர் லோஞ்சுக்குக் கம்பனி பதிஞ்ச மனிசன். புங்குடுதீவிலையிருந்து நயினாதீவுக்கும், காத்து இடங்குடுத்தால் நெடுந்தீவுக்கும் போய்வாற ஒரே ஒரு லோஞ்சு. அதுக்கு ஒரு லிமிட்டெட் கம்பனி! எங்கடை ஊர் இறுப்பிட்டிச் சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சுது. "கண்டறியாத கம்பனி" எண்டு எங்கடை அம்மாவே சொன்னவ. ஆனால் ஊர்காவற்றுறையிலை சட்ட அலுவல் பாக்கிற ஒரு பிரக்கிராசி, கம்பனியாப் பதிஞ்சு வைச்சால் லோஞ்சு கடலுக்கை தாண்டாலும் வீடு வளவு கடனிலை தாழாது எண்டு சொல்லிப்போட்டார். ஐயா அதைப் பிடிச்சுக்கொண்டார்.

கம்பனிக்கு ஆகக் குறைஞ்சது ரெண்டு பேர் வேணும். ஐயா ஒராள். மற்ற ஆளா அண்ணைதான் வந்திருக்கவேணும். ஆனால் அண்ணை கொழும்பிலை அரசாங்கக் கிளாக்கர், உத்தியோகத்திலை இருக்கிறவை வியாபாரத்துக்குப் பேர் குடுக்கேலாது. அம்மாவுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. மிச்சம் நான். எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிப்போட்டுக் குசினிக்கும் கிணத்தடிக்கும் நடந்துகொண்டிருந்தனான். "பிள்ளை, இதிலை ஒரு கையெழுத்துப் போடு" எண்டார் ஐயா. போட்டன். பாதிப் பங்கு என்ரை பேரிலை. டைரக்டரும் நான், செக்கிறற்றரியும் நான். கம்பனியின்ரை மூலப் பத்திரத்திலை முதல் டைரக்டர்மார் எண்டு ஐயாவின்ரை பேருக்குக் கீழை என்ரை பேர் அச்சிலை கிடந்தது.

ஐயா என்னவோ ஒரு கையெழுத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டவர். நான் அதோடை நிக்கேல்லை. யாழ்ப்பாணத்திலையிருந்து ஒரு பழைய ரைப்ரைற்றர் எடுப்பிச்சு, ரெண்டு விரலாலை தட்டித் தட்டிப் பழகினன். வருசா வருசம் கொழும்புக் கம்பனிப் பதிவுக் கந்தோருக்கு அறிக்கை அனுப்பவேணும். ஆர் டைரக்டர், ஆரிட்டை எவ்வளவு பங்கு, கந்தோர் எங்கை, எல்லாம் எழுதவேணும். எங்கடை கந்தோர் வீட்டு விறாந்தையிலையிருந்து துறையடிக் கொட்டிலுக்கு மாறினபோது அதுக்கும் ஒரு படிவம். எனக்கு அதிலை ஒரு விசர் பிடிச்சுப்போச்சு. கொழும்பிலை எங்கடை பேரிலை ஒரு கோவை இருக்கு, அதிலை என்ன எழுதியிருக்கோ அதுதான் கம்பனி. ஐயா துறையிலை நிண்டு தொண்டை கிழியக் கத்துறது கம்பனி இல்லை.

லோஞ்சையும் மெல்ல மெல்ல நான்தான் பாத்தன். எஞ்சினுக்குச் சாமான் ஓடர் பண்ணுறது, ஆருக்கு எப்ப லீவு எண்டு சொல்லுறது, எல்லாம் என்ரை வேலையாப் போச்சு. நயினாதீவுக் கோயில் தேருக்குச் சனம் அள்ளுப்பட்டு வரேக்கை, "இன்னும் பத்துப் பேரை ஏத்தலாம்" எண்டு ஐயா சொல்லுவார். நான் ஏலாது எண்டு சொல்லுவன். லோஞ்சை ஓட்டுற தண்டையல் ஐயாவைப் பாக்கமாட்டார், என்னைப் பாப்பார். "அக்கா சொன்னால் சரி" எண்டு கயித்தை அவிழ்ப்பார். என்னிலும் பத்து வயது மூத்த மனிசன் என்னை அக்கா எண்டவர்! அந்தச் சந்தோசத்தை இண்டைக்கும் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அப்பதான் அண்ணை வந்து சேர்ந்தார். ஐம்பத்தாறிலை சிங்களம் மட்டும் எண்டு சட்டம் வந்தது எல்லாருக்கும் தெரியும். அண்ணை சில வருசம் இழுத்துப் பாத்தார். கடைசியிலை சிங்களச் சோதினை பாஸ் பண்ணு, இல்லையெண்டால் போ எண்ட நிலை. "இந்த வயதிலை அரிச்சுவடி படிக்கேலாது" எண்டு சொல்லிப்போட்டு, ஒரு றங்குப்பெட்டியோடை ஊருக்கு வந்திட்டார். நான் அவருக்காக அழுதனான். உண்மையாத்தான் அழுதனான். மடிப்புக் குலையாத காற்சட்டையோடை கந்தோருக்குப் போன மனிசன், வேலியைப் பாத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையிலை கிடந்தார். கடைக்குப் போனால் "என்ன தம்பி, லீவோ?" எண்டு சனம் நோண்டும். அவருக்கு நடந்தது அநியாயம். அதை நான் எங்கையும் சொல்லுவன்.

ஆனால் அந்த அநியாயத்துக்கு ஈடு குடுக்க வீட்டிலை ஆளைத் தேடினபோது, நான்தான் கண்ணுக்குப் பட்டன்.

ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவேக்கை ஐயா சொன்னார், "அண்ணைக்கு ஒரு இடம் வேணும் பிள்ளை." எனக்கு உடனை விளங்கிச்சுது. "வரட்டுமன் ஐயா, மூண்டாவது டைரக்டராப் போடுவம், நானே படிவம் அனுப்பிறன்" எண்டன். அடுத்த கிழமை எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கிட்டினம். இருபத்தொன்பது வயது வரைக்கும் ஒருத்தருக்கும் ஞாபகம் வராத கலியாணம்!

மாப்பிள்ளை வேலணையிலை வாத்தியார். குறை சொல்லேலாத மனிசன். வீடும் ஒரு பனங்காணியும் சீதனம். எங்கடை வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சீதனம் வாங்கிக்கொண்டு போற பெட்டைக்குத் தகப்பன்ரை மிச்ச முதுசச் சொத்திலை உரித்தில்லை, அது ஆம்பிளைப் பிள்ளையளுக்கு. நொத்தாரிசு வந்து சீதன உறுதிப் பத்திரம் எழுதினார். நான் கையெழுத்து வைச்சு, மை காயேல்லை, ஐயா கேட்டார், "அப்ப கம்பனியிலையிருந்து உன்ரை பேரை எடுக்கிற அலுவலை எப்ப பாக்கிறாய்?"

ஒருத்தருக்கும் அதிலை ஒரு பிழையும் தெரியேல்லை. எனக்கும் தெரியேல்லை, அதுதான் வயித்தெரிச்சல். வருசம் வருசமாப் படிவம் நிரப்பின நான், பங்கு ஐயாவின்ரை முதுசம் இல்லை, என்ரை பேரிலை பதிஞ்ச என்ரை பொருள் எண்டு யோசிக்கேல்லை. காணிக்கு உள்ள வழக்கத்தைக் கொண்டுபோய்க் கம்பனிக்குப் பூட்டினம். பிரக்கிராசியிட்டை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேக்கேல்லை. எங்களுக்குச் சட்டம் தெரியுமெண்ட நினைப்பு.

நானே ரைப்ரைற்றருக்கு முன்னாலை இருந்தன். விலகுற டைரக்டர், என்ரை பேர். வாற டைரக்டர், அண்ணையின்ரை பேர். பங்கு மாத்துறதுக்கு ஒரு பத்திரம். மூலப் பத்திரத்திலை திருத்தம். கீழை செக்கிறற்றரி எண்டு என்ரை கையெழுத்து. என்னை வெட்டி எடுக்கிறதுக்குக் கத்தியையும் நானே தீட்டிக் குடுத்தன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை, அப்பிடி ஒரு கெட்டித்தனம் எனக்கு!

ரெண்டு கிழமையிலை கொழும்பிலையிருந்து கடிதம் வந்தது. விலகுறவவும் படிவத்தை அனுப்பின செக்கிறற்றரியும் ஒரே ஆளா இருக்கிறபடியாலை, அவ தன்ரை கைப்பட, சுய விருப்பத்திலைதான் விலகுறன் எண்டு எழுதி அனுப்பவேணும். விருப்பமில்லையெண்டால் அதையும் எழுதலாம், மாற்றத்தைப் பதியாமல் விடுவினமாம்.

விருப்பமில்லையெண்டால் அதையும் எழுதலாம்! ஆரெண்டு தெரியாத ஒரு உத்தியோகத்தர், எங்கையோ ஒரு மேசையிலை இருந்துகொண்டு, என்னட்டைக் கேக்கிறார். என்ரை வீட்டிலை ஒரு சீவன் கேக்காத கேள்வி.

கடிதத்தை அண்ணையிட்டைக் கொண்டுபோய்க் குடுத்தன். ஏன் குடுத்தனான் எண்டு சொல்லுறன். "வேண்டாம் தங்கச்சி, நீயும் இரு, ரெண்டு பேருமாப் பாப்பம்" எண்டு அவர் சொல்லுவார் எண்டு ஒரு நப்பாசை. அவர் ரெண்டு தரம் வாசிச்சார். பிறகு மடிச்சு என்ரை கையிலை திருப்பித் தந்தார்.

"நீயே எழுதிப் போடு. உன்ரை இங்கிலீசுதானே திறம்" எண்டார்.

எழுதிப் போட்டன்.

பிறகென்ன, கலியாணம் நடந்துது. ஊருக்கு வந்தால் மற்றச் சனத்தோடை துறையிலை வரிசையிலை நிண்டுதான் லோஞ்சிலை ஏறுவன். தண்டையல் முதல் ரெண்டு மூண்டு தரம் "அக்கா, முன்னுக்கு வாங்கோ" எண்டார். அண்ணை பாத்த பார்வையிலை அதுவும் நிண்டுபோச்சு. அடுத்த வருசம் தண்டையலையும் நிப்பாட்டிட்டார். அண்ணை கெட்ட மனிசன் இல்லை. ஆனால் கடலைப் பாத்தால் அவருக்குத் தலை சுத்தும். எஞ்சின் சத்தம் ஆகாது. சனத்தோடை கதைக்க வெக்கம். அவருக்கு வேண்டியிருந்தது லோஞ்சு இல்லை, டைரக்டர் எண்ட பேர்.

ஐயா செத்துச் சில வருசத்தாலை, அங்கை போயிருந்த தன்ரை மகனோடை இருக்கப்போறன் எண்டு அண்ணை லண்டனுக்கு வெளிக்கிட்டார். வெளிக்கிட முன்னம் லோஞ்சை வித்துப்போட்டார். எனக்கு அதை ஊர்ச்சனம்தான் சொல்லிச்சுது. ஓடிப்போய்க் கேட்டன், "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ? நானே எடுத்து நடத்தியிருப்பன்."

"உனக்கென்ன உரித்து?" எண்டார் அண்ணை. "சீதனம் வாங்கிக்கொண்டு போனனீதானே?"

அந்தச் சொல்லு என்னைச் சும்மா இருக்க விடேல்லை. எண்பதாம் ஆண்டளவிலை என்ரை மகளின்ரை அலுவலாக் கொழும்புக்குப் போனபோது, ஒரு காலமை தனியாக் கம்பனிப் பதிவுக் கந்தோரைத் தேடிப் போனன். கட்டணம் கட்டினால் ஆரும் கோவையைப் பாக்கலாமாம். வயதுபோன கிளாக்கர் ஒராள் தூசு தட்டிக் கொண்டுவந்து வைச்சார். சீதனக் கதையை நான் இங்கிலீசிலை சொன்னன். அவர் பாவம், விளங்காமல் முழிச்சார். "அம்மா, அந்த உறுதிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. இது உங்கடை பங்கு. நீங்களாக் குடுக்காமல் ஒருத்தரும் எடுத்திருக்கேலாது" எண்டார்.

கோவையைப் புரட்டினன். நான் தட்டின படிவங்கள், வரிசை குலையாமல் இருந்துது. அதுகளின்ரை கடைசியிலை என்ரை கைக் கடிதம். அதின்ரை ஓரத்திலை, அந்த முகந்தெரியாத உத்தியோகத்தர் பச்சை மையாலை இங்கிலீசிலை குறிப்பெழுதி வைச்சிருந்தார். "எழுத்து நிதானமாயும் சுத்தமாயும் இருக்கு. வற்புறுத்தினதாத் தெரியேல்லை. விருப்பத்தோடைதான் எழுதியிருக்கிறா. பதியவும்."

மனிசன் என்ரை எழுத்தை உத்துப் பாத்திருக்கிறார். ஒரு நடுக்கம், ஒரு கறை கண்டிருந்தால் நிப்பாட்டியிருப்பார்.

அவர் பாத்தது நாலாவது கடதாசி. முதல் மூண்டிலையும் கண்ணீர் பட்டு மை கரைஞ்சு போச்செண்டு, கந்தோருக்குப் போற கடிதம் வடிவா இருக்கவேணுமெண்டு, நான்தான் கிழிச்சு அடுப்பிலை போட்டனான்.